எல்லாம் கிளியர்

அன்றைக்கும் பத்மாதேவிக்கு விடிந்தது பரமநாதன் தொண்டையைக் கிளியர் பண்ணுகிற சத்தத்தில்தான்.

கலியாணமான நாளிலிருந்து கேட்கிற சத்தம். முதலில் ஒரு செருமல். பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கொண்டுவருகிற கரகரப்பு. பிறகு துப்பல், தண்ணீர். கடைசியில் துவாயால் வாயைத் துடைத்தபடி வெளியே வந்து, "இப்ப கிளியர்" என்பார், யாரோ கேட்டதுபோல.

இத்தனை வருஷமும் அதை அவள் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. காதிலேயே விழவில்லை. இன்று விழுந்தது. போர்வைக்குள் கால்விரல்கள் சுருங்கின.

முதல்நாள் பின்னேரம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நடந்த சுற்றிவளைப்பில் கமலாசனியைப் பொலிஸ் கொண்டுபோனதையும், பரமநாதன் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடியதையும், இருட்டுப்பட வீடு திரும்பி, "ஒண்டுக்கும் யோசியாதையும். கதைச்சிட்டன். விடிய எல்லாம் கிளியராகும்" என்று சொல்லிப் படுத்ததையும் போன கிழமை பார்த்தோம். கமலாசனி பரமநாதனின் ஒரே தங்கையின் மகள். மல்லாவியிலிருந்து வவுனியா முகாம் வழியாக இந்தக் கண்டி வீட்டுக்கு வந்து நான்கைந்து மாதம்தான். மாமியிடம் இங்கிலீஷ் படித்துக்கொண்டு, பேராதனை வீதியில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்வந்த பிள்ளை. தலதா மாளிகைக் குண்டுக்குப் பிறகு, வன்னி விலாசம் உள்ள அடையாள அட்டையோடு இந்த ஊர் பஸ் நிலையத்தில் நிற்பதே ஒரு குற்றம்.

பரமநாதன் சொன்ன வார்த்தையை நம்பி பத்மாதேவி நேற்று நித்திரை கொண்டாள். நல்ல நித்திரை. அதுதான் இப்போது வாயில் புளித்தது.

எழும்பிக் குளியலறைக்குப் போனாள். வாசலில் யாரும் நிற்கவில்லை. உள்ளே ஈர உடுப்புத் தொங்கவில்லை. 'இண்டைக்குக் காத்து நிக்கத் தேவையில்லை' என்று மனதுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டி உட்கார்ந்தது.

அது என்ன என்று ஒரு நிமிஷத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நிம்மதி.

பத்மாதேவி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமலே பல்லைத் தீட்டினாள்.

"பத்மா! தண்ணி ஓடேல்லை, பாத்தனீரோ?" கூடத்திலிருந்து பரமநாதன். "அந்தப் பிள்ளையின்ரை மயிர்தான் அடைச்சிருக்கு. ஒருக்காக் கிளியர் பண்ணும். எனக்கு ஒபிசிலை பைல் கிளியர் பண்ணக் கிடக்கு."

"எத்தினை மணிக்குக் கமலாவைக் கூட்டிவாறியள்?"

"அதுதான் சொன்னனே. அது தன்பாட்டிலை கிளியராகும்."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிறும் கிளியர் என்ற திருப்தியோடு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்மாதேவி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்துக்கு ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதை எத்தனை வேலைக்கு அனுப்பலாம், பாப்பம்" என்பாள். இந்தச் சொல்லையும் ஒருமுறை எழுதியிருக்கிறாள். பிள்ளைகள் வானத்தை எழுதினார்கள். வாவித் தண்ணீரை எழுதினார்கள். ஒருத்தி தன் தங்கச்சியின் குரலை எழுதினாள். எல்லாம் வெளிச்சமான வசனங்கள்.

போன வாரம் அதே சொல்லைக் கமலாசனிக்குக் கொடுத்தாள். அவள் யோசிக்கவேயில்லை. 'மை வில்லேஜ் இஸ் அன்கிளியர்ட்' என்று எழுதி நீட்டினாள்.

"இது எங்கை படிச்சனி?"

"படிக்கேல்லை, மாமி. ஆமி பிடிச்ச இடம் கிளியர் பண்ணின இடம். எங்கடை இடம் கிளியர் பண்ணாத இடம். றேடியோவிலை, பாஸ் குடுக்கிற இடத்திலை, எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்." பேனாவை மூடினாள். "குப்பை அள்ளாத றோட்டைச் சொல்லுறமாதிரி."

பத்மாதேவி அன்று பிழை எதையும் திருத்தவில்லை. வசனத்தில் பிழை இருக்கவும் இல்லை.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குளியலறையில் குந்தினாள். ஓட்டை மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். சவர்க்கார ஊத்தையும் அழுகல் மணமும் முழங்கைவரை வந்தன. பிடித்து இழுக்க, நீளமாக, முடியாமல் வந்துகொண்டேயிருந்தது ஒரு முடிப்பிரி. கறுப்புத்தான் கூட. ஆனால் நடுவில் நரையும் பின்னிக் கிடந்தது. அவளுடையது. எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத சிக்கல்.

மற்ற நாளென்றால் ஓங்காளித்திருப்பாள். இன்று அந்தச் சளிபிடித்த கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். இது ஊத்தை இல்லை என்று தோன்றியது. ஊத்தை இந்த வீட்டில் வேறெங்கோ இருக்கிறது. மணக்கிறது, இடம்தான் பிடிபடவில்லை.

ரெலிபோன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து மகன் விவேகானந்தன்.

"அம்மா, லைன் கிளியராக் கேக்குதோ? உங்கடை ரெண்டு பேற்றை மெடிக்கலும் கிளியர். லங்ஸ் எல்லாம் வடிவாக் கிடக்காம். இனிக் கனடா விசாவுக்குப் பொலிஸ் கிளியரன்ஸ் மட்டும்தான்."

"விவேகன், கமலாவைப் பொலிஸ் பிடிச்சிட்டுது."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

கடலுக்கு அப்பால் ஒரு மூச்சு. "அப்பா ராத்திரி எடுத்தவர். கொம்யூனிக்கேசன் கடையிலையிருந்து. எல்லாம் சொன்னவர். அவர் செய்தது சரிதான், அம்மா. நீங்கள் அதிலை போய்க் குழப்பாதேங்கோ."

"அவர் என்ன செய்தவர்?"

"உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றான் மகன். அதற்குமேல் லைன் கிளியராக இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அவளுக்கென்னவோ நன்றாகத்தான் கேட்டது.

சேலையை மாற்றலாமா, ஒபிசுக்கே போகலாமா என்று நிற்கும்போது முன்கதவில் தட்டினாள் பக்கத்து வீட்டு றமீஸா. அக்குறணைப் பக்கத்தாள்; அவள் 'நானா' என்கிற தமையன் பளீலுக்கு டவுணில் துணிக்கடை. றமீஸா எப்போதும் கதவைத் தட்டும்போதே கதையைத் தொடங்கிவிடுவாள். இன்று உள்ளே வந்து, கதிரையில் இருந்து, முக்காட்டை இரண்டுதரம் சரிசெய்தபிறகும் வாய் திறக்கவில்லை.

"என்ன றமீஸா? கடையிலை சேல் போட்டிருக்கெண்டு விளம்பரப் போட் கண்டனான்."

"ஓ, கிளியரன்ஸ் சேல். பூச்சி வெட்டின சீத்தைத் துணியெல்லாம் தள்ளியுடுறாரு நானா." சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டாள். "டீச்சர், நான் சொல்ற பேச்சுக்கு என்னோட கோவிக்கப்படாது."

"சொல்லும்."

"நேத்து எங்கட கடைக் கணக்கப்புள்ள காளிமுத்துவையும் புடிச்சிட்டாங்க. நானா ஒடனே பொலிசுக்குப் போன. அங்க ஒரு வழமை இருக்கி, டீச்சர். பேப்பர் எல்லாம் பொறகுதான். மொதல்ல ஊட்டுக்காரர், இல்லாட்டி மொதலாளி, நேருல போய் மொகத்தக் காட்டி 'இது எங்கட ஆள்' எண்டு சொல்லோணும். நானா சொன்ன. சார்ஜன் ஒரு கையெழுத்து வாங்கிட்டு காளிமுத்துவ உட்டுட்டாரு."

"பிறகு?"

"ஒங்கட சாரும் அங்கதான் நிண்டாராம். சார்ஜன் கமலாவக் காட்டிக் கேட்டாராம், இது யாரு எண்டு." றமீஸா தரையைப் பார்த்தாள். "போர்டிங்குக்கு இருக்கிற புள்ள எண்டு சொன்னாராம், டீச்சர். பழக்கம் இல்ல, ரூமை உடச் சொல்லி ஏலவே சொல்லிட்டேன் எண்டும் சொன்னாராம். பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் புள்ள இருந்திச்சாம். நானா ஊட்டுக்கு வந்து சோறே தின்னல்ல."

பத்மாதேவி எழுந்துபோய் முகம் கழுவினாள். பிறகு கையை. பிறகு திரும்பவும் கையை.

சேலையை மாற்றவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட வருவார். வாய்விட்டுக் கேட்காமல் படியிறங்குவதில்லை என்று இருந்தாள்.

வந்தார். சோறும் போஞ்சிக் கறியும் நெத்தலிப் பொரியலும். வழமைபோல முதல் வாயில் உப்புப் பார்த்தார்.

"பொலிசிலை என்ன சொன்னனீங்கள்?"

குழைத்த கை நின்றது. "ஆர் உமக்கு..."

"என்ன சொன்னனீங்கள்?"

"போர்டர் எண்டனான். அதிலை என்ன பொய்? சோறு போடுறம், படுக்க இடம் குடுக்கிறம். போர்டர்தானே."

"உங்கடை தங்கச்சியின்ரை பிள்ளை."

"மெல்லக் கதையும்." யன்னலைப் பார்த்தார். "இஞ்சை பாரும், பத்மா. நாங்கள் கிளியரா இருந்தால்தானே பிறகு அவளை எடுக்கலாம். கிளியர் பண்ணாத இடத்தாளுக்கு நான் பொறுப்பெண்டு கையெழுத்து வைச்சால் என்ரை பேருக்கு நேரை ஒரு கோடு விழும். பிறகெங்கை ரொறன்ரோ? அவளிலை ஒண்டும் இல்லையெண்டால் விட்டிடுவாங்கள்தானே."

"எப்ப?"

"எப்பவோ. விசாரிச்சு முடிய."

"அங்கை அவள் எங்கை படுக்கிறாள் எண்டு கேட்டனீங்களோ?"

பரமநாதன் நெத்தலித் தலையைக் கிள்ளிக் கோப்பை ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

"எண்பத்திமூண்டிலை இந்தத் தெரு எரியேக்கை உங்கடை ஒபிஸ்காரன் ஒருத்தன் போன் எடுத்தவன். ஞாபகம் இருக்கோ? 'பரம், வரவேண்டாம், உங்கடை பக்கத்தைக் கிளியர் பண்ணிப்போட்டாங்கள்' எண்டவன். அப்ப கிளியர் பண்ணின குப்பை ஆர்? நானும் நீங்களும் விவேகனும். லொறியிலை ஏறிப்போய் ஆற்றை வாசலிலை இறங்கினனாங்கள்?"

"அதுக்கும் இதுக்கும்..."

"இருந்த ஒரே அறையை எங்களுக்கு விட்டிட்டு, கைப்பிள்ளையோடை குசினியிலை படுத்தவள் உங்கடை தங்கச்சி. வந்து கேட்ட ஒவ்வொருத்தருக்கும் 'என்ரை அண்ணை, என்ரை மச்சாள்' எண்டு சொன்னவள். போர்டர் எண்டு சொல்லேல்லை."

பரமநாதன் கோப்பைச் சோற்றை ஓரமாக ஒதுக்கினார். எண்பத்திமூன்றுக்குப் பிறகு மண்ணெண்ணெய் மணத்தாலே அவருக்கு வேர்க்கும். அவளுக்குத் தெரியும். இரவில் அவர் பயந்து எழும்பும்போது நெஞ்சைத் தடவிவிட்டவள் அவள்தான். அந்தப் பயத்தில் அவளுக்கு எந்த அருவருப்பும் இல்லை. பயத்துக்கு வெள்ளைச் சேர்ட்டைப் போட்டு, பொத்தானைப் பூட்டி, ஒரு இங்கிலீஷ் சொல்லையும் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாரே, அதில்தான் இருந்தது அருவருப்பு.

அவர் சோற்றுக்கோப்பையிலேயே கையைக் கழுவினார். மஞ்சள் தண்ணீரில் மிச்சச் சோறு மிதந்தது. தொண்டையைச் செருமினார்.

"நீர் ஒண்டும் செய்யாதையும்," என்றார். "ரெண்டு பேரும் ரெண்டு கதை சொன்னால் ரெண்டு பேரும் உள்ளுக்கை."

பத்மாதேவி அந்தக் கோப்பையைத் தொடவில்லை. அவர் ஒபிசுக்குத் திரும்பும்வரை குசினியில் நின்றாள். பிறகு ஒரு பையில் மாற்றுச் சட்டையும், துவாயும், பழந்துணியும், பெரிய சீப்பும், ஒரு போத்தல் தண்ணீரும் வைத்தாள். றமீஸாவின் வாசலில் போய் நின்றாள்.

"வாரும். மொகத்தைக் காட்டிப்போட்டு வருவம்."

பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். பையைக் கிளறினார்கள். ஒரு பொடியன் பழந்துணியை விரல்நுனியால் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "கிளியர்" என்றான். றமீஸா அரபியில் ஏதோ முணுமுணுத்தாள். துஆவா திட்டா என்று பத்மாதேவி கேட்கவில்லை.

சார்ஜன் நடுவயதுக்காரர். வவுனியாவில் வேலைபார்த்துப் பழகிய சிங்களவரின் தமிழ். மேசையில் நுளம்புத்திரி புகைந்தது.

"அந்தப் பிள்ளை என்ரை வீட்டுப் பிள்ளை," என்றாள் பத்மாதேவி. "என்ரை புருஷன்ரை தங்கச்சி மகள். கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"மாத்தயா, நோனாட புருஷன், நேத்து வேற மாதிரி சொன்னது." கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப நோனா பொய் சொல்லுறதா, இல்ல மாத்தயா பொய் சொன்னதா?"

பத்மாதேவி வாயைத் திறக்குமுன் அவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

கமலாசனியைக் கொண்டுவந்தார்கள். கிளிப்பையும் றிபனையும் கழற்றி எடுத்திருந்தார்கள். தலைமுடி அவிழ்ந்து முதுகெல்லாம் கிடந்தது. ஒரு இரவில் முகம் அடையாளம் மாறியிருந்தது. அவள் மாமியைப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இது யாரு?" என்றார் சார்ஜன்.

"நான் போர்டிங் இருந்த வீட்டு அம்மா."

"சொந்தமா?"

"இல்லை. எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை."

பாடமாக்கிய பிள்ளை ஒப்புவிப்பதுபோல, தடங்கல் இல்லாமல் சொன்னாள். பலகை மறைப்புக்குப் பின்னாலிருந்து மாமன் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறாள். இரவு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள். அவர்களுடைய ரொறன்ரோவுக்காக.

"பாத்தீங்கதானே, நோனா," என்றார் சார்ஜன். "அது இல்ல சொல்லுது."

என்ன சத்தியம் செய்தாலும் இந்த மேசையில் எடுபடாது. பத்மாதேவி பையிலிருந்து சீப்பை எடுத்தாள். சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்தாள்.

"திரும்பி இரு."

பிள்ளை அசையவில்லை.

"திரும்பு எண்டனான். இந்தக் கோலத்திலை ஒரு பொம்பிளைப் பிள்ளை நிக்கிறதே?"

அந்தக் குரலுக்குக் கால்கள் தாமாகவே மடங்கின. கமலாசனி கீழே சீமெந்துத் தரையில் இருந்தாள். பத்மாதேவி அவளுடைய முடியைக் கையில் வாங்கினாள். வேர்வையும் நுளம்புப்புகையும் அடைந்த அறையின் மூத்திர மணமும் சேர்ந்து வந்தன. நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். காலையில் ஓட்டையிலிருந்து இழுத்த அதே முடி. சார்ஜன் ஏதோ சொல்ல எடுத்து, நுளம்புத்திரியின் சாம்பலைத் தட்டினார். றமீஸா வாசலில் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிடரியில் ஒரு பெரிய முடிச்சு. பத்மாதேவி அதைப் பிரிக்காமல் வேண்டுமென்றே ஒரு இழுவை இழுத்தாள்.

"ஆ! மாமி, நோகுது!"

சொன்னபிறகுதான் பிள்ளை வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளேயே அழத்தொடங்கினாள். நேற்றையிலிருந்து வைத்திருந்த அழுகை. தோள் குலுங்கியது, பத்மாதேவி முடியை விடவில்லை.

"போர்டிங் நோனாக்கு மாமி சொல்லுறதா?" சார்ஜன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வவுனியாவில் எத்தனை வீட்டு வாசலில் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பாரோ. "எனக்கும் ஒரு மக இருக்கு. ஹரி, சரிதான். ஆனா நோனா, நேத்து மாத்தயா சொன்னது பொய் எண்டு நான் எழுதணும். நோனா கையெழுத்து வைக்கணும். வச்சா மாத்தயாக்குக் கரைச்சல். நல்லா யோசிங்க."

"என்ன கரைச்சல்?"

"பொலிசுக்குப் பொய் சொன்ன ஆளுக்கு நாங்க நல்ல றிப்போட் குடுக்கிறதா?"

மகனின் வீட்டுப் படம் ஒன்று அவள் அலுமாரியில் இருக்கிறது. பனி மூடிய படி. அந்தப் படியில் பேரப்பிள்ளை நிற்கும். இன்னும் தூக்கிப் பார்க்காத பிள்ளை. அதைப் பத்மாதேவி நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்துக்கொண்டேதான் பேனாவை வாங்கினாள். மாணவிகளின் கொப்பியில் எழுதுவதுபோலத் தன் பெயரை உருட்டி, முழுதாக எழுதினாள்.

"ஹரி," என்றார் சார்ஜன். "கிளியர். போங்க."

அந்த நல்ல மனிதரின் வாயிலும் அதே சொல்தானா? நன்றி சொல்ல நினைத்தும் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கமலாசனி நடக்கும்போது மாமியின் முந்தானையில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நான் ஒண்டு சொல்றன்," என்றாள் றமீஸா. "அலவத்துகொடயில எங்கட உம்மாட ஊடு இருக்கி. ரெண்டு பேரும் நாலு நாளைக்கி வந்து நில்லுங்க. சார்ட சூடு ஆறட்டும்."

"மாமி, அங்கை போவம்," என்றாள் கமலாசனி மெதுவாக. "மாமாவுக்கு... நான் வந்தால் மாமாவுக்குக் கரைச்சல்."

பத்மாதேவி நின்றாள். போகலாம்தான். உம்மா நல்ல மனுஷி. பாயும் சோறும் தருவார். ஆனால் இந்தப் பிள்ளை ஓடி ஒளிந்தால், நேற்று மாமன் சொன்னது உண்மையாகிவிடும்.

"கையெழுத்து வைச்சது எந்த வீட்டு விலாசத்துக்கு? அங்கைதான் போறம்."

தெருவுக்குள் திரும்பும்போதே பரமநாதனின் குடை முன்வாசலில் விரித்துக் காயவிட்டிருந்தது தெரிந்தது. ஒபிஸ் விட இன்னும் நேரம் கிடந்தது. ஆரோ ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. தட்டினாள்.

"ஆர்?"

ஆர் என்று தெரிந்துகொண்டு கேட்கிற ஆர்.

"நான். நானும் உங்கடை மருமகளும்."

உள்ளே காலடி கதவுவரை வந்து நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சுக் கேட்டது. "பத்மா," என்றார், கதவோடு வாயை வைத்து. "மெல்லக் கதையும். தெருவுக்குக் கேக்கும்."

கமலாசனியின் பிடி முந்தானையிலிருந்து நழுவியது. பத்மாதேவி அந்தக் கையைத் தேடிப் பிடித்தாள். பிறகு, நாற்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலால் பாடம் நடத்திய அந்தக் குரலை எடுத்தாள்.

"உங்கடை தங்கச்சியின்ரை மகள் கமலாசனி வந்து நிக்கிறாள்! கதவைத் திறவுங்கோ!"

எதிர்வீட்டு யன்னல் திறந்தது. அடுத்த வீட்டில் றேடியோவைக் குறைத்தார்கள். தூறலுக்குள் யாரோ படியில் இறங்கி நின்று பார்த்தார்கள்.

உள்ளே ஒருவர் தொண்டையைச் செருமினார். முதலில் மெதுவாக, பிறகு அடிவயிற்றிலிருந்து. சொல் ஒன்றும் வரவில்லை. கொண்டியும் அசையவில்லை.

பத்மாதேவி பையைக் கீழே வைத்துவிட்டு, இந்தமுறை உள்ளங்கையால் அடித்தாள்.